ஒரு சென்ட் கற்றாழையில் தொடங்குவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக, ஊக்குநர்கள் இதை அவரவர் குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது சோற்றுக் கற்றாழை. "இதுல பேச என்ன இருக்கு, எங்க வீட்டு வாசல்லயே தொங்குதே" என்று சிலர் நினைப்பீர்கள். பேச வேண்டிய காரணம் இருக்கிறது. நம் கூட்டமைப்பில் மூன்று குழுக்கள் கற்றாழை சாகுபடிக்குக் கடன் கேட்டுத் தீர்மானம் போட்டு மனு கொடுத்திருக்கின்றன. "ஒரு ஏக்கர் போடுங்க, கன்னும் நாங்களே தர்றோம், இலையும் நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மனு மேல் முடிவு எடுக்கும் முன், அந்தச் செடி எப்படிப்பட்டது, எப்படி வளரும், எவ்வளவு நாளில் பலன் தரும் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். தெரிந்துகொண்டு முடிவெடுத்தால் பிறகு யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

வாசலில் தொங்கும் செடி சொல்வது என்ன?

திருஷ்டிக்காக வாசலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆனாலும் பல மாதம் பச்சையாக இருக்கிறது. சில வீடுகளில் தொங்கியபடியே பூத்தும் விடுகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. அந்தச் செடி தன் தண்ணீரை இலைக்குள்ளேயே சேமித்து வைத்திருக்கிறது. இலைக்குள் இருக்கும் சோறு போன்ற கூழில் 100-க்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

இன்னொரு விஷயம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை இழுக்கும். அப்போது வெயிலில் தண்ணீரும் ஆவியாகிப் போகும். கற்றாழை பகலில் துளையை மூடிக்கொண்டு, ராத்திரி குளிர்ச்சியில் திறக்கும். அதனால் அதற்குத் தண்ணீர்ச் செலவு ரொம்பக் குறைவு. நாம் சங்கத்தில் சொல்வது போல, அது சேமிப்பை முதலில் எடுத்து வைத்துவிட்டுச் செலவு செய்கிற செடி.

இதைப் புரிந்துகொண்டால் பாதி பராமரிப்பு முடிந்தது. வீடுகளில் கற்றாழை பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் அதிகமாகித்தான் சாகிறது. துளசிக்கு ஊற்றும்போது பக்கத்தில் இருக்கிறதே என்று இதற்கும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம். பத்து நாளில் அடி அழுகி, இலை கொழகொழவென்று சாய்ந்துவிடும்.

எந்தக் கற்றாழை?

கற்றாழை என்ற பேரில் பல செடிகள் உண்டு. நாம் பேசுவது சோற்றுக் கற்றாழை. சித்த மருத்துவத்தில் இதைக் குமரி என்று சொல்வார்கள். ஊர் எல்லையிலும் ரயில் பாதை ஓரத்திலும் பெரிய பெரிய மடலோடு, நுனியில் ஊசி மாதிரி முள்ளோடு நிற்பது ரயில் கற்றாழை. அது வேறு குடும்பம். அதன் மடலை உடைத்தால் நார் நாராக வரும். அந்தச் சாறு பட்டால் உடம்பு அரித்துத் தடித்துவிடும். அதை வீட்டு உபயோகத்துக்கு எடுக்கவே கூடாது.

கற்றாழைக் குடும்பத்திலேயே 500-க்கும் மேற்பட்ட வகைகள் உலகத்தில் இருக்கின்றன. நர்சரியில் அழகுக்கு விற்கும் சின்னச் சின்னக் கற்றாழை எல்லாம் உடம்புக்கு ஏற்றது என்று நினைக்க வேண்டாம். தெரிந்த வீட்டில் பல வருஷமாகப் பயன்படுத்தி வரும் செடியில் இருந்து கன்று வாங்குவதுதான் நல்லது. இளங்கன்றில் வெள்ளைப் புள்ளி இருக்கும். வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம்.

கன்று பிரித்து நடுவது

கற்றாழையை விதை போட்டு வளர்ப்பது நம் பக்கம் வழக்கமில்லை. இலையை வெட்டி நட்டாலும் பெரும்பாலும் அழுகிப் போகும். தாய்ச்செடியின் அடியைச் சுற்றி வரும் பக்கக் கன்றுகள்தான் நமக்கு நாற்று.

1. கன்று ஒரு சாண் உயரம் வந்து, நாலைந்து இலை விட்ட பிறகு பிரிக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் சொந்த வேர் இருக்காது.

2. மண்ணைக் கிளறி, வேரோடு தாய்ச்செடியில் இருந்து பிரித்து எடுக்கவும். தேவைப்பட்டால் சுத்தமான கத்தியால் வெட்டலாம்.

3. எடுத்த உடனே நடக் கூடாது. நிழலில் 2, 3 நாள் போட்டு வைத்தால் வெட்டுக்காயம் காய்ந்து தோல் மூடும். ஈரக் காயத்தோடு நட்டால் அந்த வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும்.

4. நட்ட பிறகு 4, 5 நாள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிறகு கொஞ்சமாக ஊற்றத் தொடங்கலாம்.

5. இலை சேரும் இடம், அதாவது குருத்து, மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். குருத்துக்குள் மண்ணோ தண்ணீரோ தேங்கக் கூடாது.

மண் கலவைக்குப் பெரிய செலவு இல்லை. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. கரிசல் மண் உள்ள ஊர்க்காரர்கள் மணலைக் கூடுதலாகக் கலக்க வேண்டும். கரிசல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கற்றாழைக்கு அது ஆகாது. பழைய பிளாஸ்டிக் குடம், உடைந்த பக்கெட், சிமெண்ட் சாக்கு எதில் வேண்டுமானாலும் நடலாம். அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம் வேண்டும். ஓட்டை மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்று வைத்துவிட்டு மண் போடுங்கள். ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது, ஏனென்றால் இதன் வேர் ஆழமாகப் போகாமல் அகலமாகப் பரவும்.

தண்ணீர், வெயில், மழை

தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்பதற்கு ஒரே பரீட்சை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். முழுக்கக் காய்ந்திருந்தால், ஓட்டை வழியாக வெளியே வரும் அளவு ஒரு தடவை நன்றாக ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டிச் செடிக்கு வாரம் ஒரு தடவை தேவைப்படும். தரையில் இருக்கும் செடிக்கு 10, 15 நாளைக்கு ஒரு தடவை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவுமே வேண்டாம். அப்போது தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் இழுத்து வைக்க வேண்டும், இல்லை என்றால் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும்.

கற்றாழைக்கு வெயில் பிடிக்கும். ஆனால் நிழலிலேயே வளர்ந்த செடியைக் கொண்டுபோய்த் திடீரென்று உச்சி வெயிலில் வைத்தால் இலை சிவந்து கருகும். ஒரு வாரம் காலை வெயில், பிறகு முழு வெயில் என்று பழக்க வேண்டும்.

செடியே நம்மிடம் பேசும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

இலை மெலிந்து உள்பக்கம் மடங்கினால்: தாகம். தண்ணீர் ஊற்றுங்கள்.

இலை வெளுத்து நீண்டு தரையில் படுத்தால்: வெளிச்சம் போதவில்லை. இடத்தை மாற்றுங்கள்.

இலை பழுப்புச் சிவப்பாக மாறினால்: வெயில் அதிகம், கூடவே தண்ணீர் குறைவு.

அடி இலை கொழகொழத்து நாற்றம் அடித்தால்: வேர் அழுகல். செடியைப் பிடுங்கி, அழுகிய வேரையும் இலையையும் வெட்டி எறிந்து, 3 நாள் நிழலில் காயவைத்துப் புது மண்ணில் நடுங்கள். பழைய மண்ணில் திரும்ப நட வேண்டாம்.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால்: மாவுப்பூச்சி. கூடவே எறும்பு ஏறும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்கால வேளையில் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை, மூன்று வாரம். நாலைந்து செடிதான் என்றால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடலாம்.

உரம் என்று தனியாக வாங்க வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். வீரிய உரம் போட்டால் இலை ஊதிக்கொண்டு வரும், சீக்கிரம் அழுகும்.

இலை எடுப்பதும் பயன்படுத்துவதும்

நட்டு 8 முதல் 10 மாதத்தில் இலை கனக்க ஆரம்பிக்கும். வெளி வட்டத்தில் இருக்கும் அடி இலையைத்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு செடியில் மூன்று, நாலு இலைக்கு மேல் வேண்டாம். நடுக்குருத்தைத் தொடவே கூடாது. இப்படி முறையாக எடுத்தால் ஒரே செடி நாலைந்து வருஷம் பலன் தரும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். இலையை அறுத்ததும் தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் கசப்பு. அதைக் காய்ச்சி இறுக்கினால் கிடைப்பது நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம், மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். அது கடுமையான பேதி மருந்து. அமெரிக்காவில் 2002-ல், கடையில் நேரடியாக விற்கும் பேதி மருந்துகளில் இந்தப் பாலைச் சேர்க்க அரசு தடை போட்டது. தோலோடு முழு இலையையும் அரைத்து எடுக்கும் சாறு புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தி, 2016-ல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அதனால் "இயற்கை தானே, அப்படியே அரைச்சுக் குடிக்கலாம்" என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம்.

நம் பாட்டிமார் சொன்ன முறையே சரியான முறை. அறுத்த இலையை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி அரைமணி நேரம் சாய்த்து வைத்து மஞ்சள் பாலை வடிய விட வேண்டும். தோலை முழுக்கச் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் ஏழு தண்ணீரில் கழுவ வேண்டும். கசப்பு துளியும் இருக்கக் கூடாது. வெயில் காலத்தில் இப்படிக் கழுவிய சோற்றை மோரில் போட்டு எப்போதாவது குடிக்கலாம்.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் உள்ளுக்குச் சாப்பிடவே கூடாது. சின்னக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. கற்றாழை குடிக்கிறேன் என்று சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ரொம்ப ஆபத்து.

வெளிப்பூச்சுக்கு, தலைக்கும் முகத்துக்கும் தடவலாம். முதல் தடவை முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரித்தாலோ தடித்தாலோ உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அடுப்பில் சுட்டுக்கொண்டால் முதலில் கற்றாழையைத் தேட வேண்டாம். 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். சின்னச் சூடு என்றால் அதன் பிறகு கற்றாழைச் சோறு தடவலாம். கொப்புளம் வந்தாலோ, தோல் உரிந்தாலோ, உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலோ எதையும் தடவாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி கடன் மனுவுக்கு வருவோம்

இவ்வளவு நேரம் சொன்னதில் இருந்து மூன்று விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கன்று தானாகவே பெருகும். முதல் இலைக்கு 8 முதல் 10 மாதம் ஆகும். இலையில் பெரும்பகுதி தண்ணீர். இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போடுவோம்.

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. இரண்டு அடிக்கு இரண்டு அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 10,890 கன்று. ஒரு கன்று 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே கன்றுக்கு மட்டும் 54,450 ரூபாய். உழவு, குப்பை, ஆள் கூலி எல்லாம் தனி. விலை கூடக் குறைய இருக்கலாம், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். இந்தப் பணம் முதல் நாளே அந்த வெளியூர்க்காரர் கைக்குப் போய்விடுகிறது. அவருடைய வியாபாரம் அன்றைக்கே முடிந்துவிடுகிறது. நம் வியாபாரம் பத்து மாதம் கழித்துத்தான் ஆரம்பிக்கும்.

ஆனால் கடன் பத்து மாதம் காத்திருக்குமா? 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 500 ரூபாய். அசலும் சேர்த்துத் தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும். கற்றாழை பட்டினி தாங்கும் அக்கா, தவணை தாங்காது. அந்தப் பத்து மாதமும் தவணைப் பணம் உங்கள் கூலியில் இருந்தும், நூறு நாள் வேலைச் சம்பளத்தில் இருந்தும்தான் வர வேண்டும்.

அடுத்தது லாரி. இலை அறுத்த உடனே கெட ஆரம்பிக்கும் பொருள். நாள் கணக்கில் வைத்திருக்க முடியாது. ஒரு டன் இலை ஏற்றினால் பெரும்பாலும் தண்ணீரைத்தான் ஏற்றுகிறோம். ஆலை பக்கத்தில் இருந்தால் கட்டுப்படியாகும். ஆலை 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், லாரி வாடகை யார் தலையில்? அறுத்து வைத்த அன்று லாரி வரவில்லை என்றால், அந்த நஷ்டம் யாருக்கு?

திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்ற பேச்சு நமக்குப் புதிது இல்லை. ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். குஞ்சு நாங்கள் தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதா மாதம் பணம் தருகிறோம் என்றார்கள். நகையை அடகு வைத்தும், நிலத்தை விற்றும் பணம் கட்டினார்கள். 2012-ல் நிறுவனங்கள் கதவை மூடின. பணம் கட்டியவர்கள் புகார் மனுவோடு வரிசையில் நின்றார்கள். தீவனம் இல்லாமல் கிடந்த பறவைகளுக்குக் கடைசியில் அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்தது. பறவை மேல் குற்றம் இல்லை. கற்றாழை மேலும் குற்றம் இல்லை. வாங்குகிறவர் யார் என்று தெரியாமல் கடன் வாங்குவதில்தான் ஆபத்து.

வந்திருப்பவர் மோசடிக்காரர் என்று நான் சொல்லவில்லை. நல்லவராகவும் இருக்கலாம். நல்லவராக இருந்தால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்வார். தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. ஆலை எங்கே இருக்கிறது? நம் குழுவில் இருந்து நாலு பேர் வந்து பார்க்கலாமா?

2. உங்களுக்கு இரண்டு வருஷமாக இலை விற்ற விவசாயிகள் யார்? அவர்களிடம் நாங்களே பேசலாமா?

3. கிலோவுக்கு என்ன விலை? மார்க்கெட்டில் விலை இறங்கினாலும் அதே விலையா?

4. வெட்டுக்கூலி, லாரி வாடகை யாருடையது?

5. சொன்ன தேதிக்கு நீங்கள் எடுக்கவில்லை என்றால் நஷ்டஈடு எவ்வளவு?

6. கன்றை உங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று ஏன் கட்டாயம்? எங்கள் ஊர்க் கன்று நட்டால் வாங்க மாட்டீர்களா?

7. இதையெல்லாம் எழுத்தில் தருவீர்களா?

ஏழாவது கேள்விதான் முக்கியம். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019-ல் தனிச்சட்டம் வந்திருக்கிறது. வாங்குபவரும் விவசாயியும் விலையை முன்கூட்டியே பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அதை அதிகாரிகளிடம் பதிவு செய்வதற்கான சட்டம் அது. வாய்ப்பேச்சும், வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தும் ஒப்பந்தம் ஆகாது. வேளாண் விற்பனைத் துறை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வர, ஊக்குநர்களோடு நானும் வருகிறேன்.

அப்படியானால் கற்றாழையில் வருமானமே இல்லையா?

இருக்கிறது. ராஜஸ்தானில் ராஜசமந்த் மாவட்டத்தில் பிப்லாந்திரி என்று ஒரு கிராமம். மார்பிள் சுரங்கம் தோண்டி மண்ணும் தண்ணீரும் கெட்டுப்போன ஊர். 2006 வாக்கில் அங்கே ஊராட்சித் தலைவராக இருந்தவர் ஷியாம் சுந்தர் பாலிவால். தன் மகளை இழந்த துக்கத்தில், அவள் நினைவாக ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். ஊரில் பெண் குழந்தை பிறந்தால் 111 மரம் நட வேண்டும். ஊரும் பெற்றோரும் சேர்ந்து அந்தக் குழந்தை பேரில் வங்கியில் பணமும் போட வேண்டும். அவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள்.

அந்த மரக்கன்றுகளைக் கரையான் அரிக்காமல் இருக்க, சுற்றிலும் கற்றாழை நட்டார்கள். கற்றாழை பெருகியது. பெருகின பிறகு, அதை வைத்து என்ன செய்யலாம் என்று பயிற்சி எடுத்து, அந்த ஊர்ப் பெண்கள் சாறு, ஜெல், ஊறுகாய் என்று செய்து விற்க ஆரம்பித்தார்கள். அங்கே நடந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் செடி ஊருக்குப் பயன்பட்டது. பிறகு பெருகியது. அதன் பிறகுதான் வியாபாரம் வந்தது. வியாபாரம் தாமதமாகியிருந்தாலும் அங்கே நட்ட செடி வீணாகியிருக்காது, மரத்துக்குக் காவலாக நின்றிருக்கும்.

நாமும் அந்த வரிசையில் போகலாம். ஒரு குழுவில் 20 பேர். ஆளுக்கு 5 கன்று கொண்டுவந்தால் 100 கன்று. இரண்டு அடி இடைவெளியில் 100 கன்று நட ஒரு சென்ட் இடம் போதும். கன்றுக்குக் காசு வேண்டாம், ஏற்கெனவே நம் ஊர் வீடுகளில் இருக்கிறது. ஒரு உறுப்பினர் தோட்ட ஓரத்திலோ, அனுமதி வாங்கி ஊராட்சி இடத்திலோ நடலாம். அடுத்த வருஷம் அந்த 100 செடியில் வரும் பக்கக் கன்றை எடுத்தால், கடன் இல்லாமலே இடத்தைப் பெரிதாக்கலாம்.

அந்த ஒரு வருஷத்தில் விற்றுப் பழகலாம். தொட்டியில் வேர் பிடித்த கன்றை விற்கலாம். வாரச் சந்தையில் இலையாக விற்கலாம். பக்கத்து டவுனில் உள்ள அழகு நிலையங்களையும், கோடையில் கற்றாழை ஜூஸ் போடும் கடைகளையும் போய்க் கேட்கலாம். வாரம் எத்தனை இலை வாங்குவார்கள், என்ன விலை கொடுப்பார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். வருஷ முடிவில் அந்த நோட்டுதான் உங்கள் கடன் மனுவுக்கு ஆதாரம். வங்கி மேலாளர் கேட்டாலும் அதைத்தான் காட்ட வேண்டும்.

சோப்பு, ஜெல், சாறு செய்து விற்க ஆசைப்படும் குழுக்களுக்கு ஒரு வார்த்தை. சோப்பும் முகப்பூச்சும் விற்பனைக்குத் தயாரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். சாறு, ஊறுகாய் போன்ற சாப்பிடும் பொருளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். லேபிள் ஒட்டிக் கடையில் வைத்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. பயிற்சிக்கும் உரிமத்துக்கும் வழி கேட்டுத்தான் இறங்க வேண்டும். வீட்டு உபயோகத்துக்குச் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

கூட்டத்தின் முன் வைக்கும் யோசனை

முடிக்கும் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் விருப்பம். எனக்கு இங்கே ஓட்டு இல்லை, கடனைக் கட்டப் போவதும் நான் இல்லை.

ஒன்று, மூன்று குழுக்களின் கடன் மனுவையும் தள்ளுபடி செய்யாமல் நிறுத்தி வைப்போம். ஏழு கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்த பிறகு எடுத்துப் பார்ப்போம்.

இரண்டு, அந்த மூன்று குழுக்களும் இந்த மாதமே ஆளுக்கு 5 கன்று கொண்டுவந்து ஒரு சென்ட்டில் நடட்டும். எந்தச் செலவு ஆனாலும் குழு நோட்டில் எழுதட்டும்.

மூன்று, கற்றாழை அதிகம் உள்ள வீட்டு உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு இரண்டு கன்று எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் வாங்கிக்கொண்டு போகட்டும். எடுத்த கன்றை நிழலில் காயவைத்துத்தான் கொண்டுவர வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கடன் வாங்குவது தப்பு என்று நான் சொல்லவில்லை. கடன் வாங்கி மாடு வாங்கினோம், தையல் மெஷின் வாங்கினோம், பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். ஒழுங்காகக் கட்டியதால்தான் இன்றைக்கு வங்கியில் நம்மை உட்காரச் சொல்லிப் பேசுகிறார்கள். அந்த நல்ல பேரை ஒருவர் வாய்ப்பேச்சை நம்பி விட்டுவிடக் கூடாது. வாங்குகிற ஆள் யார் என்று தெரிந்து, விற்றுப் பழகி, கணக்கு எழுதிக் காட்டும்போது ஒரு ஏக்கருக்குக் கடன் கேளுங்கள். அந்த மனுவை எழுத நானே கூட உட்காருகிறேன்.

சந்தேகம் இருப்பவர்கள் இப்போதே கேளுங்கள், எல்லோருக்கும் பயன்படும்.